கிழித்துக் கிழித்துத் தைக்கப்படும் பை: பாக்டீரியாவின் செல்சுவரும் உருவமும்

ஒரு பழைய பரிசோதனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தின் பாதி அதிலேயே இருக்கிறது. 1953-இல் ஸ்வீடனைச் சேர்ந்த கிளேஸ் வைபுல், பேசில்லஸ் மெகாடீரியம் என்ற குச்சி வடிவ பாக்டீரியாவை எடுத்து, அதன் மேல் லைசோசைம் என்ற நொதியை விட்டார். நம் கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கும் அதே லைசோசைம்தான், பாக்டீரியாவின் சுவரை அரித்துத் தள்ளுவது அதன் வேலை. வெறும் தண்ணீரில் இதைச் செய்தால் செல் வெடித்துவிடும், நுண்ணோக்கியில் மிச்சமாக ஒரு நிழல் மாதிரி ஏதோ தெரியும், அவ்வளவுதான். வைபுல் அதைச் சர்க்கரைக் கரைசலில் வைத்துச் செய்தார். இப்போது செல் வெடிக்கவில்லை. குச்சி மெல்ல மெல்லக் குறுகி, ஓரங்கள் மழுங்கி, கடைசியில் ஒரு உருண்டையாக வந்து நின்றது. உயிரோடு இருந்தது, மூச்சுவிட்டது, உருவம் மட்டும் போய்விட்டது.

ஆக, அந்தச் சுவர் இரண்டு வேலை செய்கிறது. உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, அப்புறம் செல்லுக்கு ஒரு வடிவத்தைத் தருகிறது. முதல் வேலையைப் புரிந்துகொள்வது சுலபம். இரண்டாவது அப்படியில்லை, ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அழுத்தம். செல்லுக்குள் புரதங்களும் உப்புகளும் சிறு மூலக்கூறுகளும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, வெளியே பெரும்பாலும் நீர்த்த திரவம். தண்ணீர் சும்மா இருக்குமா, சவ்வைத் தாண்டி உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். ஈ. கோலை மாதிரியான பாக்டீரியாவில் இதனால் உண்டாகும் அழுத்தம் சுமார் ஒன்றிலிருந்து மூன்று வளிமண்டல அழுத்தம் வரை என்று மதிப்பிடுகிறார்கள், அதாவது கார் டயருக்குள் அடைக்கும் காற்றின் அளவு. பேசில்லஸ் வகைகளில் இருபது வரைகூடப் போகும். சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு, கிட்டத்தட்ட சோப்புக் குமிழி போல. அதனால் இதைத் தனியாகத் தாங்கவே முடியாது. சவ்வைச் சுற்றி ஒரு வலுவான உறை இருந்தாக வேண்டும்.

அந்த உறையைத்தான் செல்சுவர் என்கிறோம். எனக்கு இந்தச் "சுவர்" என்ற சொல்லோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. சுவர் என்றவுடன் செங்கல் அடுக்கி, பூசி, காய்ந்து, அப்படியே நிற்கிற ஒன்றுதான் மனதில் வருகிறது. பாக்டீரியாவில் இருப்பது ஒரு பின்னல் பை. 1964-இல் வைடல், பெல்ட்சர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் ஒரு விஷயத்தைத் துணிந்து சொன்னார்கள்: இந்தப் பை முழுவதும், தலை முதல் வால் வரை, வேதிப்பிணைப்புகளால் தொடர்ச்சியாகக் கோக்கப்பட்ட ஒரே மூலக்கூறு. ஒரு செல்லைச் சுற்றி ஒரே ஒரு ராட்சத மூலக்கூறு! ஈ. கோலையைக் கொதிக்கும் சோப்புக் கரைசலில் போட்டு, கொழுப்பையும் புரதத்தையும் எல்லாம் கழுவித் தள்ளிவிட்டால், கடைசியில் இந்தப் பை மட்டும் மிஞ்சும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் காற்றுப் போன பலூன் போலத் தட்டையாகக் கிடக்கும், ஆனால் குச்சி வடிவம் அப்படியே இருக்கும். இந்தப் பொருளுக்கு முரீன் என்று ஒரு பெயர், லத்தீனில் முரஸ் என்றால் சுவர், அங்கேயும் அதே சொல்தான். இப்போது பெப்டிடோகிளைக்கான் என்ற பெயர்தான் அதிகம் புழங்குகிறது.

பின்னல் எப்படி என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோக்கப்பட்டு நீளமான இழைகளாகின்றன. இந்த இழைகள் பெரும்பாலும் குச்சியைச் சுற்றி, பீப்பாயைச் சுற்றிய இரும்புப் பட்டைகள் போல, குறுக்குவாக்கில் ஓடுகின்றன. ஒன்று விட்டு ஒரு சர்க்கரையிலிருந்து அமினோ அமிலங்களால் ஆன குட்டை வால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து இழையின் வாலோடு இந்த வாலைப் பிணைத்தால் வலை உண்டாகிறது. அந்த வாலில் டி-அலனின், டி-குளுட்டாமிக் அமிலம் என்று டி வகை அமினோ அமிலங்கள் வருகின்றன. உலகத்தில் எந்த ரைபோசோமும் புரதம் கட்ட எல் வகையைத்தான் எடுக்கும், டி என்பது அதன் கண்ணாடி பிம்பம். சாதாரணப் புரதச் சிதைப்பு நொதிகளுக்கு இந்த வாலைப் பிடித்து வெட்டத் தெரியாது. எளிதில் யாரும் அறுக்க முடியாத நூலால் பின்னியிருக்கிறது பாக்டீரியா.

இழைக்கான துண்டுகள் செல்லுக்கு உள்ளே தயாராகின்றன, ஆனால் பின்னல் நடப்பதோ சவ்வுக்கு வெளியே. துண்டு தண்ணீரில் கரையும் பொருள், சவ்வு கொழுப்பு, அப்படியானால் எப்படிக் கடத்துவது? 55 கார்பன் நீளமுள்ள ஒரு கொழுப்புச் சங்கிலியின் மேல் துண்டை ஏற்றி, மர்ஜே என்ற புரதம் அதை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் புரட்டிப் போடுகிறது. கொழுப்பில் ஏற்றிய அந்தத் துண்டுக்கு லிப்பிட் II என்று பெயர். வெளியே துண்டை இறக்கிவிட்டு, காலி வண்டி மறுபடி உள்ளே திரும்புகிறது.

சவ்வுக்கு வெளியே வந்த பிறகு ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளே எல்லா வேலைக்கும் கூலி ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு, ஆனால் வெளியே ஏடிபி கிடையாது. அப்படியிருக்க, இரண்டு வால்களைப் பிணைக்கும் ஆற்றல் எங்கிருந்து வரும்? இதற்கு பாக்டீரியா செய்திருக்கும் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ளே வாலைச் செய்யும்போதே, நான்காவதாக இருக்கும் டி-அலனினுக்கு அடுத்து நுனியில் இன்னொரு டி-அலனினைக் கூடுதலாக மாட்டி அனுப்புகிறது. ஐந்து அமினோ அமில மணிகள் கோத்த வால், ஆனால் முடிந்த சுவரில் ஐந்தாவது மணிக்கு வேலையில்லை. வெளியே இருக்கும் நொதி நான்காவது மணியைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவதைக் கழற்றி எறிகிறது, அந்தப் பிணைப்பு உடைவதில் கிடைக்கும் ஆற்றலை வைத்து நான்காவது மணியைப் பக்கத்து வாலில் கோத்துவிடுகிறது. பயணச்செலவை முன்கூட்டியே பையில் வைத்து அனுப்பியது போல. இந்த ஒரு தையலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பென்சிலின் வந்து உட்காரும் இடம் இதுதான்.

சரி, பை தயார். ஆனால் பாக்டீரியா வளர வேண்டுமே. ஈ. கோலைக்கு நல்ல சாப்பாடு கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகிறது, அதற்குள் பையும் இரண்டு மடங்காக வேண்டும். ஒரு ஈ. கோலையின் பையில் முப்பது லட்சத்துக்கு மேல் துண்டுகள் இருக்கின்றன. கணக்குப் போட்டால் விநாடிக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் புதிய துண்டுகள் போய்ச் சேர வேண்டும். அதுவும் டயர் அளவு அழுத்தத்தில் விறைத்து நிற்கும் பையில். மூடிய பையில் புதிய இழையைச் சொருக வேண்டும் என்றால், முதலில் ஏற்கனவே இருக்கும் முடிச்சை அறுத்தாக வேண்டும். அறுப்பு ஒரு இடத்தில் கொஞ்சம் அதிகமானாலும் பை கிழிந்து உயிர் போய்விடும்.

இந்த அறுப்பு வேலையைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் ஒரு வரிதான் இருக்கும், தையலுக்குக் கொடுக்கும் இடத்தை அறுப்புக்குக் கொடுப்பதில்லை. அது சரியில்லை என்பது என் கருத்து. ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் மஞ்சுளா ரெட்டியும் அவர் குழுவும் 2012-இல் காட்டியதைப் பாருங்கள். ஈ. கோலையில் வால்களுக்கு இடையேயான பிணைப்பை வெட்டும் மூன்று நொதிகளை அவர்கள் அடையாளம் கண்டார்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் செல் சமாளிக்கிறது. மூன்றையும் எடுத்துவிட்டால் புதிய துண்டுகள் சுவரில் சேரவே முடியாமல் போய், செல் சிதைந்து சாகிறது. சுவரை வெட்டுகிறவர்கள் இல்லாததால் சுவர் உடைகிறது! கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனால் வளர்கிற ஒரு பைக்கு அதுதான் சரி. செல்சுவர் பற்றிய இந்த ஆய்வுகளுக்காக 2019-இல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கொடுத்தார்கள்.

அறுத்த துண்டுகளும் வீணாவதில்லை. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஈ. கோலை தன் சுவரில் கிட்டத்தட்டப் பாதியைக் கழற்றி, உள்ளே இழுத்து, மறுபடி பயன்படுத்துகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே அழுத்தம் பையை இழுப்பதால்தான் செல் நீளுகிறது, பலூன் ஊதுவது மாதிரி என்று பலர் நினைத்தார்கள். 2014-இல் ஒரு குழு ஈ. கோலையைத் திடீரென்று உப்புச்செறிவு கூடிய கரைசலுக்கு மாற்றி அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தது. செல் சுருங்கியது. பிறகு பழைய கரைசலைத் திருப்பிக் கொடுத்தபோது, இடையில் எதுவுமே நடக்காதது போல, அந்த நேரத்துக்கு எவ்வளவு நீளம் வந்திருக்க வேண்டுமோ அந்த நீளத்துக்கு உடனே நீண்டது. அதாவது அழுத்தம் குறைந்திருந்த நேரத்திலும் தையல் தன்பாட்டுக்கு நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது, சுருங்கியிருந்ததால் வெளியே தெரியவில்லை.

இப்போது அந்தக் கடினமான கேள்விக்கு வரலாம். தையல் ஏன் குச்சியாக முடிகிறது? எல்லாப் பக்கமும் சமமாகத் தைத்தால் பை உருண்டையாக அல்லவா ஊதிப் பெருக வேண்டும்? ஈ. கோலை தன் அகலத்தை ஏறக்குறைய ஒரு மைக்ரானில் வைத்துக்கொண்டு நீளத்தில் மட்டும் வளர்கிறது, தலைமுறை தலைமுறையாக.

இதற்கு முதல் நல்ல துப்பைக் கொடுத்தவர் பிரையன் ஸ்ப்ராட், 1975-இல். பென்சிலின் குடும்ப மருந்துகள் ஈ. கோலையை ஒரே மாதிரி கொல்வதில்லை என்பது அதற்கு முன்பே தெரியும், 1940-லேயே குறைந்த அளவு பென்சிலினில் பாக்டீரியா நீள நீளமாக வளர்வதைப் பார்த்திருக்கிறார்கள். ஸ்ப்ராட் மூன்று மருந்துகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் செல்லில் எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று பார்த்தார். பென்சிலின் ஒட்டும் இந்தப் புரதங்களை எண் போட்டுத்தான் அழைக்கிறார்கள். செஃபலெக்சின் கொடுத்தால் செல் பிரிய முடியாமல் நூல் போல நீண்டுகொண்டே போகிறது, அது ஒட்டுவது மூன்றாம் எண் புரதத்தில். மெசிலினாம் கொடுத்தால் குச்சி உருண்டையாகிறது, அது ஒட்டுவது இரண்டாம் எண்ணில். செஃபலோரிடின் சட்டென்று வெடிக்க வைக்கிறது, அது முதலாம் எண். ஒரே பாக்டீரியா, ஒரே வேதிவினை, ஆனால் தைக்கும் கைகள் வேறு வேறு. ஒரு கை செல்லை நீளமாக்குகிறது, ஒரு கை நடுவில் குறுக்குச்சுவர் எழுப்புகிறது, இன்னொன்று பொதுவாகப் பையைக் கெட்டிப்படுத்துகிறது. எந்தக் கை எங்கே தைக்கிறது என்பதில்தான் உருவம் இருக்கிறது. இந்த ஒரு முடிவுதான் அதற்குப் பிறகு வந்த எல்லா ஆராய்ச்சிக்கும் அடித்தளம் என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் நீளமாக்கும் கையை எங்கே போ, எந்தத் திசையில் தை என்று சொல்வது யார்? எம்ஆர்இபி என்றொரு புரதம். அது இல்லாவிட்டால் குச்சி உருண்டையாகிவிடும், உருண்டை வடிவ பாக்டீரியாக்களில் பொதுவாக அது இருப்பதுமில்லை. 2001-இல் ஜெஃப் எரிங்டனின் குழு பேசில்லஸ் சப்டிலிஸில் இந்தப் புரதம் சவ்வுக்கு அடியில் சுருள் சுருளாக இழை கட்டியிருப்பதைக் காட்டியது. அதே ஆண்டு இன்னொரு குழு அதன் படிக அமைப்பைத் தீர்த்தபோது, அது நம் தசையில் இருக்கும் ஆக்டினின் சொந்தக்காரன் என்று தெரியவந்தது. பாக்டீரியாவுக்கு எலும்புக்கூடு கிடையாது என்று அதுவரை சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அது பெரிய செய்தி. ஒரு பத்து ஆண்டுகள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைந்தார்கள்: செல்லின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஸ்பிரிங் போல ஒரு நீளச் சுருள், அது சுவரை உள்ளிருந்து தாங்குகிறது.

அந்தப் படம் நிற்கவில்லை. 2011-இல் மூன்று குழுக்கள், இன்னும் கூர்மையான நுண்ணோக்கிகளை வைத்துக்கொண்டு, நீளச் சுருள் எதுவும் இல்லை, சின்னச் சின்னத் துண்டுகள் செல்லின் குறுக்கே, சுற்றளவின் வழியாக நகர்ந்துகொண்டிருக்கின்றன என்று காட்டின. 2012-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வு ஒன்று, ஈ. கோலையில் பிரபலமாகியிருந்த சுருள் படமே, புரதத்தைப் பார்க்க வேண்டும் என்று அதில் ஒட்டிய ஒளிரும் குறியீட்டால் உண்டானது என்று சொன்னது. பார்ப்பதற்காக மாட்டிய விளக்கே காட்சியை மாற்றிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம், அழகான படத்தைக் கண்டால் இன்னொரு முறை கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நகர்வுதான் இதில் சுவாரசியம். விநாடிக்குச் சில பத்து நானோமீட்டர், அதாவது ஒரு முழுச் சுற்று வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும் வேகம். அதை நகர்த்துவது எது? சுவர் தைக்கும் வேலையை மருந்தால் நிறுத்தினால் நகர்வும் நின்றுவிடுகிறது. ஆக எம்ஆர்இபி தையல்காரனை இழுத்துப் போகவில்லை, தையல்தான் எம்ஆர்இபியை இழுத்துப் போகிறது. இழை கோக்கும் ராட்ஏ என்ற புரதம், வாலைப் பிணைக்கும் இரண்டாம் எண் புரதம், சவ்வுக்கு உள்பக்கம் எம்ஆர்இபி, எல்லாம் ஒரே குழுவாகச் செல்லைச் சுற்றிச் சுற்றி வருகின்றன.

இழுக்கப்பட்டுப் போகிறது என்றால் எம்ஆர்இபிக்கு அங்கே என்ன வேலை? திசை காட்டுவது. அதன் இழை இயல்பிலேயே வளைந்தது, சவ்வில் ஒட்டும்போது எந்தத் திசையில் வளைவு அதிகமோ அந்தத் திசையில் படுக்கிறது. குச்சியில் நீளவாக்கில் வளைவே இல்லை, குறுக்குவாக்கில்தான் வளைவு. எனவே அது குறுக்கே படுக்கிறது, தையலும் குறுக்கே போகிறது, இழைகள் பட்டை பட்டையாகச் செல்லைச் சுற்றி விழுகின்றன, அந்தப் பட்டைகள் அகலத்தைப் பெருக்க விடாமல் பிடித்துக்கொள்கின்றன, அதனால் குச்சி குச்சியாகவே இருக்கிறது, குச்சியாக இருப்பதால் எம்ஆர்இபி மறுபடி குறுக்கே படுக்கிறது. ஒரு வட்டம். வரைபடம் என்று எங்கேயும் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

எல்லா பாக்டீரியாவும் இதே வழியில் போவதில்லை. காசநோய் பாக்டீரியா பக்கவாட்டில் வளராமல் முனைகளில் வளர்கிறது. காலோபாக்டர் என்ற பாக்டீரியா பிறை வடிவத்தில் வளைவதற்கு கிரெசென்டின் என்ற தனிப் புரதம் வைத்திருக்கிறது, 2003-இல் கண்டுபிடித்தார்கள். பிரியும்போது நடுவில் வளையம் கட்டும் எஃப்டிஎஸ்இசட் என்ற புரதத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே விட்டுவிடுகிறேன். ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற உருண்டையை விட மனமில்லை. அது நடுவில் ஒரு தட்டைக் குறுக்குச்சுவர் கட்டி முடிக்கிறது, வெளியே இன்னும் ஒரே உருண்டைதான். பிறகு வெளிச்சுவரில் ஓரமாக விரிசல் ஓடி, சில மில்லிவிநாடிகளுக்குள், முட்டை ஓடு பிளப்பது போல, இரண்டு மகள் செல்களும் படீரென்று விலகிவிடுகின்றன. 2015-இல் அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். சுவருக்குள் தேங்கிய இழுவிசையையே கத்தியாகப் பயன்படுத்திக்கொள்கிறது அந்த பாக்டீரியா.

இனி பென்சிலின். வாலின் நுனியில் இருந்த இரண்டு டி-அலனின்களை நினைவிருக்கிறதா? பென்சிலினின் வடிவம் அந்த ஜோடியைப் போலவே இருக்கிறது என்று 1965-இல் டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் இருவரும் சொன்னார்கள். தைக்கும் நொதி இதுதான் வால் என்று நம்பி பென்சிலினைப் பிடிக்கிறது, பிடித்தது பிடித்ததுதான், விட முடியாமல் மாட்டிக்கொள்கிறது. தையல் நின்று, அறுப்பு தொடர்ந்து, பை கிழிகிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அதில் தப்பில்லை, ஆனால் முழுசாக இல்லை. 2014-இல் டாம் பெர்ன்ஹார்ட்டின் குழு ஈ. கோலையில் மெசிலினாமை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு: இழை கோக்கும் பகுதி நிற்பதே இல்லை. வால்களைப் பிணைக்க ஆளில்லாமல் இழைகள் வந்து விழுகின்றன, விழுந்தவுடன் இன்னொரு நொதி அவற்றை வெட்டித் தள்ளுகிறது, மறுபடி கோக்கிறது, மறுபடி வெட்டுகிறது. செல் தன் சரக்கையெல்லாம் இந்த வீண் சுழற்சியில் கொட்டித் தீர்க்கிறது. பென்சிலின் ஏன் வளரும் செல்களை மட்டும் நன்றாகக் கொல்கிறது என்பதும் இதோடு ஒத்துப்போகிறது, தைத்துக்கொண்டிருக்கும் பைக்குத்தான் இந்த ஆபத்து.

பாக்டீரியா எதிர்த்து நிற்பதும் இதே தையலைச் சுற்றித்தான். பென்சிலினையே உடைக்கும் நொதி ஒரு வழி. எம்ஆர்எஸ்ஏ என்று ஆஸ்பத்திரிகளில் பயப்படும் கிருமி, மருந்து எளிதில் ஒட்டாத வேறொரு தையல் புரதத்தைக் கொண்டுவந்துவிட்டது. வான்கோமைசின் என்ற மருந்து நொதியை விட்டுவிட்டு வாலின் நுனியையே பிடித்து மூடிவிடும், அதற்குச் சில பாக்டீரியா கடைசி டி-அலனினுக்குப் பதில் டி-லாக்டேட்டை மாட்டிக்கொண்டன. ஒரு மணியை மாற்றியதும் வான்கோமைசினின் பிடி தளர்ந்துவிடுகிறது.

வைபுலின் உருண்டைக்கே திரும்பிப் போகிறேன். சுவரைக் கரைத்தால் குச்சி உருண்டையாகிறது, சரி. அந்த உருண்டைக்குத் திரும்பவும் சுவர் கட்ட வாய்ப்புக் கொடுத்தால் என்ன ஆகும்? பழைய சுவர்தான் புதிய சுவருக்கு அச்சு என்றால், அச்சு போன பிறகு குச்சி வரவே கூடாது. 2013-இல் தேவ் ரஞ்சித்தும் கெவின் யங்கும் ஈ. கோலையை லைசோசைமால் உருண்டையாக்கி, பிறகு லைசோசைமை நீக்கிவிட்டு வளர விட்டார்கள். முதலில் பிறந்தவை எதற்கும் அடங்காத உருவங்கள், அங்கங்கே புடைத்து, கோணிக்கொண்டு, எங்கே நீள்வது என்று தெரியாதவை போல. அவை பிரிந்தன, அவற்றின் பிள்ளைகளும் பிரிந்தன, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நேராகி. சில தலைமுறைகளுக்குள் நுண்ணோக்கியின் அடியில் மறுபடி ஒரு மைக்ரான் அகலக் குச்சிகள் கிடந்தன.